மீசைக்குள் போன பதில்

ஜூன் 8, திங்கள்

எழுந்ததும் முதல் வேலை: இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு மாடியில் போய் நின்றது. காலையிலேயே காற்று. மழை இல்லை. வெடி காயப்போடுகிறவர்களுக்கு நல்ல நாள்.

கீழே எதிர்வீட்டு மதினி, பால்காரரிடம். சத்தம் துளியும் இல்லை, உதடு மட்டும்: "நேத்தும் தண்ணியாத்தான் இருந்துச்சு. நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்கிறேன்." பஞ்சை எடுத்துவிட்டுக் கீழே போய், பால் அவ்வளவு மோசமா என்று கேட்டேன். "ஆத்தாடி, மாடி வரைக்கும் கேட்டுச்சா? அம்புட்டுச் சத்தமாவா பேசுனேன்?"

இந்தக் கூத்துக்குக் காரணம் மகள் நித்யா. கோயம்புத்தூரில் மனோதத்துவம் எம்.ஏ., லீவுக்கு வந்திருக்கிறாள். நேற்று லேப்டாப்பில் ஒரு ஆள் வாயசைப்பதைக் காட்டினாள். 'தா' என்கிறான் என்றேன். கண்ணை மூடச் சொன்னாள். 'பா'. திறந்தால் மறுபடி 'தா'. குரல் 'பா'வாம், உதடு 'கா'வாம். நான் கேட்டது இரண்டிலும் இல்லை.

"கண்ணும் சேந்துதாம்மா கேக்குது. மனசு ரெண்டையும் கலந்து ஒண்ணாக்கிருது."

இதற்கா ஹாஸ்டல் ஃபீஸ்? லேபிள் அச்சடிக்கிற நம் பிரஸ்ஸில் நாலு மிஷினும் ஓடினால் யாருக்கும் எதுவும் கேட்காது. கத்துவது புது ஆட்கள்தான். பழைய ஆட்கள் உதட்டை அசைப்பதோடு சரி. நித்யாவுக்கும் தெரியும். அவள் வீட்டுப்பாடம் எழுதியதே வெடிப்பெட்டி லேபிள் கட்டுகளுக்கு நடுவில். ஆனால் காதை அடைத்துச் சோதிக்க இத்தனை வருடம் தோன்றவில்லை.

வாங்க: ரவை, மல்லிகைப்பூ, காப்பித்தூள். மா.வீ. (மாப்பிள்ளை வீட்டார்) புதன் வருகிறார்கள்.

ஜூன் 9, செவ்வாய்

பிரஸ்ஸில், கண்ணாடி ரூமில் பில் போட்டபடி ஃபோர்மேன் சுப்பையா அண்ணனைக் கவனித்தேன். அவர் உதட்டில்: "மகாராணி பாக்காக. வேலை செய்ற மாதிரி நில்லுங்கலே."

வெளியே போய், "மகாராணி பாத்துட்டா" என்றேன். டீ கிளாஸைத் தவறவிட்டார். சாயங்காலத்துக்குள் நாலு மிஷின்காரர்களும் ஆளுக்கொரு லேபிளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ராத்திரி நித்யா. "அம்மா, ஒண்ணே ஒண்ணு. நான் மேல ஆராய்ச்சி பண்ணணும். அத விடச் சொன்னா இந்தக் கல்யாணமே வேண்டாம்."

"மத்தபடி?"

"மத்தபடி போட்டோ பரவாயில்ல."

ஜூன் 11, வியாழன் (நேற்றும் சேர்த்து)

இந்த டைரியில் புதன்கிழமைகள் கிடையாது. நம் பிரஸ்ஸில் அச்சடித்தபோது அந்தப் பக்கங்கள் விட்டுப்போயின. விற்க முடியாத டைரி எனக்கு.

நேற்று வந்தார்கள். சாத்தூர், பட்டாசு கம்பெனி. பையன் கார்த்திக். நல்ல உயரம். மீசை அதைவிடப் பெரிசு. எதைக் கேட்டாலும் அவன் அம்மாதான் பதில்.

"தம்பிக்குக் காப்பியா டீயா?"

"அவனுக்குக் காப்பி. சீனி கம்மி."

நித்யா அப்பா நேராகவே கேட்டார். "புள்ள மேல படிக்கணும்ங்கா. தம்பி என்ன சொல்றீக?"

பையன் உதடு அசைந்தது. வந்த குரல் அவன் அம்மாவுடையது: "தாராளமாப் படிக்கட்டும். நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்?" அச்சாக நித்யாவின் வீடியோ. குரல் ஒருவருடையது, உதடு ஒருவருடையது. அவன் வேறு ஏதோ சொன்னான். என்னவென்று தெரியவில்லை. என் இத்தனை வருடப் பழக்கமும் அந்த மீசையில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

கிளம்பும்போது, காருக்குள், கண்ணாடி ஏற்றிய பிறகு, அவன் அம்மா, கூட வந்த தன் தங்கச்சியிடம்: "மொதல்ல கல்யாணம் முடியட்டும். படிப்பெல்லாம் பெறகு பாத்துக்கிருவோம்."

நித்யா அப்பாவிடம் சொன்னேன்.

"ஏத்துன கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுனது உனக்குக் கேட்டுச்சாக்கும்? நீயா டப்பிங் குடுத்துக்கிட்ட."

டி.வி. சத்தத்தை நிறுத்தி, சீரியல்காரி என்ன சொல்கிறாள் என்றார். "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவ இருக்கணும்" என்றேன். சத்தத்தை வைத்தார். அதையேதான் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இத டி.வி. இல்லாமலே நான் சொல்லுவேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நித்யாவும் அவர் பக்கம். "தெளிவில்லாத எடத்துல மனசு, தான் எதிர்பாக்குறதப் போட்டு நெரப்பிரும்மா. நீ பயந்துக்கிட்டிருந்த வார்த்தையவே பாத்திருக்கலாம்."

"அப்போ நான் பாத்தது பொய்யா?"

"பொய்யின்னு சொல்லல. அத்தாட்சி இல்லைங்கேன்."

வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம். லேப்டாப்பை மூடிக்கொண்டே, ரொம்ப மெதுவாக: "அவரு என்னமோ சொன்னாரும்மா. நானும் பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

"மீசை."

இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பினால் மட்டும்தானா?

ரவை மிச்சம். பூ வாடிவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

புழுக்கம். மேகம் வந்து ஏமாற்றிப் போயிற்று. லேபிள் ஆர்டர் இரண்டு லோடு பாக்கி.

பையன் அம்மா போன். நாளைக் காலை வருகிறார்களாம், முடிவு கேட்க.

"படிப்பு விஷயத்துல தம்பி என்ன நெனைக்காருன்னு கேட்டீகளா?"

"அவன என்னத்துக்கு மதினி கேக்கணும்? நான் சொன்னாச் சரிதான்."

போனில் உதடு இல்லை. இது முழுக்கக் காதால் கேட்டது. நித்யா இதற்கு அத்தாட்சி கேட்க முடியாது.

இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். நித்யா சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம்.

நாளை பிரஸ் உண்டு. காப்பி ஆனதும் மிஷின் பார்க்கலாம் என்று எல்லோரையும் கூட்டிப் போகப் போகிறேன். நித்யாவையும் பையனையும் நடுவில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிறுத்துவேன். நாலு மிஷினும் ஓடும். அங்கே அவனுக்குப் பதிலாக யாரும் பேச முடியாது. பேசினாலும் கேட்காது. அவள் கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். அந்த இரைச்சலில், எப்பேர்ப்பட்ட மீசைக்காரனும் வாயை நன்றாகத் திறந்துதான் ஆக வேண்டும்.

அவன் அம்மாவுக்குக் கண்ணாடி ரூமில் நாற்காலி, சுவரைப் பார்த்து. பக்கத்தில் எனக்கும் ஒன்று, அதே சுவரைப் பார்த்து. திரும்பினால் பிள்ளைகள் இருவர் உதடும் தெரியும். திரும்பப் போவதில்லை.