சூடு என்று எழுதிய படிவம்

ஏப்ரல் 8, செவ்வாய்

தமிழ்ப் படிவம் அச்சாகி வந்துவிட்டது. சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலி கூட மறந்துபோனது.

மக்கா கிழங்கு ஆய்வில் சேரும் அறுபத்துநாலு பெண்களில் இருபத்தொன்பது பேர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி, பாலசமுத்திரம் பக்கம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். "தெலுங்கு ஃபாரமே சாலும், அதே போதும், தபீதா காரு" என்றார் ஆய்வை நடத்தும் டாக்டர் ஸ்ரீதேவி. நான் விடுவேனா? உடம்பைப் பற்றிப் பேசத் தாய்மொழியில்தான் வாய் வரும் என்று மூன்று மீட்டிங்கில் சண்டை போட்டு வாங்கினேன்.

பெரு நாட்டு மலையில் விளைகிற, முள்ளங்கி மாதிரியான கிழங்கு. மாதவிலக்கு நிற்கும் வயதில் திடீரென்று வந்து போகிற அந்த வெப்பத்தை அது குறைக்குமா? அதுதான் கேள்வி. இதுவரை நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். ஒன்றில் குறைந்தது என்கிறார்கள், இன்னொன்றில் இல்லை என்கிறார்கள். பாதிப் பேருக்குக் கிழங்குப் பொடி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. கேப்சூல் ஒரே மாதிரி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பன்னிரண்டு வாரம் தினமும் எத்தனை முறை வந்தது என்று எழுதவேண்டும்.

முதல் கேள்வி: "இன்று எத்தனை முறை உடலில் சூடு ஏற்பட்டது?" சுத்தமான தமிழ்.

என்னோடு வேலை செய்யும் பிரேமலதா, தெலுங்குப் படிவத்தை மாமியாரிடம், பூக்காரம்மாவிடம், கேன்டீனில் என்று மூன்று வாரம் படித்துக் காட்டிக்கொண்டு திரிந்தாள். நான் ஒரே மத்தியானத்தில் முடித்தேன். "ஏம்மா, உனக்குத் தெலுங்கு வராதா?" என்று அவளைக் கிண்டல் வேறு செய்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும்போது நடுவில் எனக்கே அந்த வெப்பம் வந்துவிட்டது. கழுத்து, முகமெல்லாம். ஊழியர்கள் ஆய்வில் சேரக்கூடாதாம். கொடுப்பினை அவ்வளவுதான்.

மே 14, புதன்

என் வீட்டுக்காரர் தியோடர் போனில் விளம்பரம் பார்த்துவிட்டார். "உங்க மக்கா ஆம்பளைங்களுக்காம்டி. குதிர மாதிரி ஆயிடலாமாம். ரெண்டு டப்பா எடுத்துனு வாயேன்." இருக்கிற குதிரைக்கே கொள்ளு போட்டு மாளவில்லை என்றேன். மனுஷன் அரை மணி நேரம் சிரித்தார்.

ஆபீசில் தமிழ்ப் படிவங்களில் எண்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. ஏழு, ஐந்து, இரண்டு. பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

நகரி. காஞ்சனா வீட்டுக்குப் போனேன். பவர்லூம் ஓட்டுகிறவள், ஐம்பது வயது, இருபத்தொன்பது பேரில் கையெழுத்து இவளுக்குத்தான் அழகு. போன வாரம் ஒருநாள் ஆறு என்று எழுதியிருந்தாள், மறுநாள் ஒன்று. ஏன் என்று சும்மா கேட்டேன்.

"மாங்கா துன்னேன்க்கா. ஒண்ணுக்குப் போனா ஒரே எரிச்சலு. ஆறு வாட்டி. அப்பறம் வெந்தயம் ஊற வெச்சித் துன்னேன், கொறஞ்சிடுச்சி."

எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிந்தது. திடீரென்று முகமெல்லாம் எரிந்து வேர்க்குமே, அது எத்தனை முறை என்றேன்.

"அதுவா? அது பாட்டுக்கு வந்துக்கினுதான் கீது. அத நீங்க கேக்கவே இல்லியே!"

தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்காதவள் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 19, வியாழன்

ஒன்பது பேருக்குப் போன் போட்டேன். ஏழு பேர் எழுதியது உடம்புச் சூட்டை. கண் எரிச்சல், வாய்ப்புண், வயிற்றுச் சூடு. பாலசமுத்திரத்துக் கங்கம்மா திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்து "சூடே இல்ல" என்று பூஜ்யம் பூஜ்யமாக எழுதியிருக்கிறார். சாமி இறக்கிய சூட்டை நான் கிழங்குக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆசை ஆசையாகப் பார்த்திருக்கிறேன்!

ஐயோ, நம்மூரில் சூடு என்றால் வேறென்ன நினைப்பார்கள்? எனக்குத் தெரியாதா?

ஜூன் 20, வெள்ளி

சொல்லவில்லை. டாக்டர் எதிரில்தான் சாப்பிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கு வந்தபோது நான் தியோடரிடம் என்ன சொன்னேன் — "குப்புனு வருது, ஃபேனைப் போடுங்க" என்றுதானே? ஒருநாளாவது "உடலில் சூடு ஏற்பட்டது" என்றேனா? பேசுகிற வாய்க்குத் தெரிந்தது எழுதுகிற கைக்குத் தெரியவில்லை. திமிர். ஒருத்தரிடம் காட்டினால் குறைந்தா போயிருப்பேன்?

ஒரு வழி இருக்கிறது. இருபத்தொன்பது பேரையும் நானே போனில் கேட்டு, ஞாபகம் இருக்கிற எண்ணை வாங்கி, புதுப் படிவத்தில் நிரப்பிவிடலாம். யாரும் பார்க்கப்போவதில்லை. சொன்னால் என்ன ஆகும்? என் வேலை போகட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஆனால் "இதுக்குத்தான் தெலுங்கே போதும்னோம்" என்பார்கள். இனி எந்த ஆய்விலும் தமிழ்ப் படிவம் என்று வாயைத் திறக்க முடியாது. தெலுங்கு படிக்கத் தெரியாத பெண்களை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

ஆனால் கிழங்கு வேலை செய்கிறது என்று பொய்க் கணக்கில் எழுதி, அதை நம்பி எவளாவது வருஷக்கணக்காக முழுங்கினால்? பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் ஸ்ரீதேவி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "ஒருத்தருக்குக் கூட காட்டி கேக்கலியா?"

"இல்ல மேடம்."

"பிரேமலதா கேட்டாங்களே."

அவ்வளவுதான். ஆய்வைக் கண்காணிக்கும் கமிட்டிக்கு எழுத வேண்டும், தமிழ்ப் படிவங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். நாற்பத்தொன்பது வயதில், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. வெளியே வந்தால் பிரேமலதா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 9, புதன்

நகரியில் எல்லாரையும் உட்காரவைத்து, நீங்கள் எழுதியது சேராது, தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றேன். சிலர் சிரித்தார்கள். கங்கம்மா "அதனால இன்னாம்மா, மாத்திர மட்டும் தருவியா?" என்றார்.

காஞ்சனா சிரிக்கவில்லை. "தெனம் தறிய நிறுத்திட்டு எழுதனேன்க்கா. ஒருநாளு உடல. இனிமே என்னைக் கூப்டாத" என்று எழுந்து போய்விட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நவம்பர் 12, புதன்

ஆய்வறிக்கை வந்தது. தெலுங்குப் படிவம் எழுதிய முப்பத்தைந்து பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கிழங்கு சாப்பிட்டவர்களுக்கும் குறைந்திருக்கிறது, மாவு சாப்பிட்டவர்களுக்கும் குறைந்திருக்கிறது. வித்தியாசம் உண்டு, இல்லை என்று எதுவும் சொல்லும் அளவுக்கு ஆள் போதவில்லை. அறுபத்துநாலு பேரும் இருந்திருந்தால் சொல்லியிருக்கலாமோ என்னவோ. அந்த "என்னவோ" என்னால் வந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: தமிழ்ப் படிவத்தில் சொல் தேர்வுப் பிழை, மொழிபெயர்ப்பு தபீதா. பெயரைப் போடச் சொன்னது நான்தான்.

டிசம்பர் 3, புதன்

அடுத்த ஆய்வு, அதே கிழங்கு, இன்னும் அதிகம் பேர். பொறுப்பு பிரேமலதாவுக்கு, நான் அவளுக்குக் கீழே. நியாயம்தான். மீட்டிங்கில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழைப் பற்றி மூச்சு விடவில்லை. பிரேமலதாதான் எழுந்தாள்: "தமிழ் ஃபாரம் காவாலி மேடம், கண்டிப்பா வேணும். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் சரி என்று சொன்ன பிறகு அச்சடிக்கலாம்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பிப்ரவரி 11, புதன்

நகரி. பதினோரு பெண்கள், இரண்டு மணி நேரம், ஒரே ஒரு கேள்விக்குச் சண்டை. "அனல் அடிக்கிறது" என்றாள் ஒருத்தி. அது அடுப்படியில் என்றாள் இன்னொருத்தி. நான் எழுதிக்கொண்டு போயிருந்த வாக்கியத்தைப் படித்தேன். ஒருவரும் ஏற்கவில்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்த காஞ்சனா உள்ளே வந்தாள். கூப்பிடாமல்தான் வந்தாள். என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, என் வரியை அடித்துவிட்டு, கீழே தன் அழகான கையெழுத்தில் எழுதினாள்: "திடீர்னு குப்புனு ஏறி வேத்துக் கொட்டுதே, அது இன்னைக்கி எத்தினி வாட்டி வந்துச்சி?"

பதினோரு பேரும் "ஆங், அதான்!" என்றார்கள்.

ஒரு வரியில் எத்தனை பேச்சு வழக்கு! திருத்தக் கை துறுதுறுவென்றது. ஒரு புள்ளி கூட மாற்றாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.