தண்ணீர் கொடுக்கும் பொத்தான்

சிதம்பரம்,
ஐப்பசி, மழை விட்டிருக்கும் ஒரு மதியம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

பவானி எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. மெயிலைத் திறந்தாயா என்று தெரியவில்லை. அதனால் காகிதம். காகிதத்தை யாரும் ஃபார்வர்டு செய்ய முடியாது என்பதும் ஒரு காரணம். ஹெல்சின்கிக்குப் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்றார்கள் தபால் அலுவலகத்தில். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் அந்த வீடியோ.

அறிவழகன் வேண்டுமென்று செய்யவில்லை. மாமா பிள்ளை, உனக்குத் தெரியாதவனா? செல்போன் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவன் நம் வீட்டில் எட்டிப் பார்த்தான். அம்மா லேப்டாப்பில் நீ செய்த விளையாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்துக்கொண்டு வம்புக்குக் கேட்டான்: "ஏன் அத்தே, இது கலையா வெளயாட்டான்னு ஊரே அடிச்சிக்குது. நீங்க சொல்லுங்க." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டும் இல்லடா. உங்க மாமாடா இது" என்றாள்.

அதைப் போட்டுவிட்டான். எங்கெங்கோ போய்விட்டது. நீ கோபப்பட்ட பிறகு வந்து வாசலிலேயே நின்றான். "மச்சான் இவ்ளோ கோச்சிக்குவாருன்னு நெனைக்கல பவானி. பெருமையாத்தான் போட்டேன்" என்றான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

ஆனால் வீடியோவில் அம்மாவின் பதில் மட்டும் இல்லை. அம்மாவின் விரலும் இருந்தது.

உன் விளையாட்டைப் பற்றி உனக்கே எழுதுவது அபத்தம். இருந்தாலும் இந்தப் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று நீ பார்த்ததில்லை. நம் பழைய கடலூர் வீடு. சமையல்கட்டில் நீல டிரம். அப்பா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம். அவரை அறைக்கு அறை நடத்தலாம். சட்டை போடவைக்கலாம். ஜன்னலைத் திறக்கவைக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிப்பார். பிறகு சிப்காட் ஆலைக்குப் போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். நாம் என்ன செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், அப்பா போய்விடுவார். கதவு சாத்திக்கொள்ளும். திரும்பி வர மாட்டார். அவ்வளவுதான் விளையாட்டு. ஆலையின் பெயர் அதில் எங்கும் இல்லை. நானும் எழுதவில்லை.

ஜெயிக்கவைப்பவன் வியாபாரி என்று மேடையில் சொன்னாய். பெரிய கம்பெனிகளை மிட்டாய்க் கடை என்றாய். உனக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியையும் சேர்த்து. வேலை போயிற்று. இங்கே மூத்த விமர்சகர் ஒருவர் எழுதினார்: ஓவியத்தின் முன்னால் நிற்பவன் ஓவியத்தை மாற்ற முடியாது, மாற்ற முடிந்தால் அது பொம்மை. நீ பதில் போட்டாய்: என்னுடையதை யாராலும் மாற்ற முடியாது, விளையாடிப் பாருங்கள். அந்தப் பதிலை நான் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்தேன். கை தட்டினார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் உன் தங்கை என்று முகம் தெரியாதவர்களிடம்கூடச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அம்மா மாற்றிவிட்டாள்.

அப்பா குடித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் கிளம்பிவிடக் கூடாது என்று நீ நிரலில் எழுதிவைத்த ஏதோ ஒரு வரிதான் காரணமாம். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் பஸ் வரும் நேரம் முதலிலிருந்து தொடங்குகிறது. உனக்கே அது தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அவள் தண்ணீர் கொடுத்தாள். பஸ் வரவில்லை. மறுபடி கொடுத்தாள்.

விமர்சகர் ஒரே வரி எழுதினார். "மாற்றிவிட்டார்கள். அவருடைய அம்மா." நீ அன்றே அறிவித்தாய். அது பிழை, அடுத்த பதிப்பில் நீங்கிவிடும், அவர் போவார்.

அவர் போவார். நல்ல வரி.

நீ சொன்னது சரி. என் கஷ்டமே அதுதான். அப்பா போகாத விளையாட்டு பொய். ஆறுதலுக்காக முடிவை மாற்றுவது கலை இல்லை. இன்று கேட்டாலும் கருத்தரங்கில் இதையே சொல்வேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். கூடத்தில் டக் என்று ஒரு சத்தம். சற்றுக் கழித்து இன்னொரு டக்.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே. சமைக்கிறாள். துணி துவைக்கிறாள். பூக்காரியிடம் அளவு குறைகிறது என்று சண்டை போடுகிறாள். இடையில் வந்து அழுத்திவிட்டுப் போகிறாள். குளிக்கப் போகும்போது, "கொஞ்சம் பாத்துக்க" என்கிறாள். அப்போது நான் அழுத்துகிறேன். படித்துக்கொண்டே, இடது கையால். படுக்கப் போகும்போது விளையாட்டை நிறுத்தாமல் லேப்டாப்பை மட்டும் மடக்கிவைப்போம். முதல் தடவை மடக்கியபோது, "மூடினா தூங்குவாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காலையில் திறந்தால் டிரம் பக்கத்தில் அதே இடத்தில் நிற்கிறார்.

அப்பா குடிக்கும் விதம் இருக்கிறதே: இடது கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து, கடைசியில் தோளைத் தூக்கி அதிலேயே வாயைத் துடைத்துக்கொள்வது. அதைப் பார்த்து அம்மா, "எப்பிடிப் பாத்து வச்சிக்கினு இருந்திருக்கான் பாரேன்" என்றாள். உன்னைப் பற்றி அவள் அப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. நீ பரிசு வாங்கியபோதுகூட, சாப்பிட்டானா என்றுதான் கேட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்று. எனக்கும் போன வாரம்தான் தெரியும். அப்பா ஆலைக்குப் போய்த் திரும்பாத அன்று நீ சென்னையில் விடுதியில் இருந்தாய். நான் பள்ளிக்கூடத்தில். அம்மா அழுத்திக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னாள். "அன்னிக்கு ஒரு வாய்தான் குடிச்சாரு. அதுக்குள்ள ஹாரன் அடிச்சிட்டான். வந்து குடிக்கிறேன் தங்கம்னு ஜன்னல்ல வச்சிட்டுப் போனாரு." மறுபடி ஒரு முறை அழுத்திவிட்டு, "இவுரு முழுசா குடிக்கிறாரு" என்றாள்.

தங்கம் என்று அப்பா கூப்பிடுவார் என்பதும் எனக்குத் தெரியாது. நம் முன்னால் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

உன் புதிய பதிப்பு போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அதற்கு முதல் நாளே நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. பழைய பதிப்பை வேறு எதிலாவது எடுத்துவைக்க முடியுமா என்று அறிவழகன் பார்த்தான். முடியாதாம். விளையாட்டை நிறுத்திவிட்டு மறுபடி திறந்தால் அது முதலில் உன் சர்வரைத்தான் கேட்குமாம். யாரும் கைவைக்கக் கூடாது என்று நீயே அப்படிச் செய்திருக்கிறாயாம். "மச்சான் பூட்டு போட்டா பூட்டுதான்" என்றான்.

ஆக, விளையாட்டை நிறுத்தாமல் வைத்திருக்கிறோம். எல்லோருடைய திரையிலும் அப்பா போய்விட்டார். போகாமல் இருப்பது இந்த ஒரு வீட்டில்தான்.

லேப்டாப் பழையது. பேட்டரி செத்து நாளாகிறது. பிளக்கில் இருக்கும்வரைதான் உயிர். வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிறார்கள். அறிவழகன் கடை இன்வெர்ட்டரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றான். அதில் வியாழன் தாண்டிவிடும். அதற்குப் பிறகு? கடலில் தாழ்வு நிலை என்கிறார்கள். கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியாகிவிட்டது. நம் மாவட்டத்தில் புயல் என்றால் கரண்ட் எத்தனை நாள் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கலாம். காற்று என்னிடம் கேட்டுக்கொண்டு வீசப்போவதில்லை. நீயும் கேட்க மாட்டாய். கேட்டாலும் என்ன சொல்வேன்?

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். பக்கம் முடியப்போகிறது. இன்னும் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் விலக்கு என்பது எப்படிப்பட்ட கோரிக்கை என்று எனக்குத் தெரியும். அந்த விமர்சகர் தெரிந்துகொண்டால் என்ன எழுதுவார் என்றும் தெரியும். வேலையை இழந்து, ஆட்களைப் பகைத்துக்கொண்டு, கடைசியில் உன்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூடிய கதவு ஒன்றுதான். அதைத் திற என்று எந்த வாயால் சொல்வது?

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்கா எழுதுற என்றாள். ஆமாம் என்றேன். நெட் வயர் தொங்குவதைப் பார்த்தாள். "அவங்கிட்ட ஒண்ணும் கேக்காத. அவன் வேலய அவன் செய்யறான்" என்றாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எழுந்துபோய் ஒரு முறை அழுத்திவிட்டு வந்தாள். அப்பா குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு உனக்கு எழுதச் சொன்னாள். குளிர் தேசத்தில் தாகம் தெரியாதாம், யாரோ சொன்னார்களாம். வேலை மும்முரத்தில் மறந்துவிடாதே. வெளியே கிளம்பும்போது யார் கூப்பிட்டாலும் சரி, தண்ணீரை நின்று முழுசாகக் குடித்துவிட்டுப் போ.

உன் அன்புத் தங்கை,
பவானி