கடலை அடக்கியவள்

9 நவம்பர், ஞாயிறு
எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். அக்கா மகள் ஷாஜாதிக்குப் பெண் பிறக்கும், ஏழாம் நாள் மழை கொட்டும், பேர் வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள் – மூன்றும் நடந்தது. லமீஸ் என்று வைத்தேன்.
"அர்த்தம் என்ன மாமா?"
"கடலை அடக்கியவள். ராணிகளுக்கு வைக்கிற பேர்."
எங்கள் நெல்லித்தோப்புத் தெருவே வாயைப் பிளந்தது. காரைக்காலில் மார்க்கம் கரைத்துக் குடித்த ஒரு பெரிய ஆலிம் என் காதில் மட்டும் சொன்ன பேராக்கும்.

11 நவம்பர்
பிள்ளைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. டாக்டர் என்னைக் கேட்டுத்தான் மருந்தே எழுதினார் – சரி, கேட்கவில்லை. பக்கத்தில் நின்றேன்.

12 நவம்பர்
இறங்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வராந்தாவில் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "பத்து நாள் புள்ள தலையில கடலைத் தூக்கி வச்சியேடா மஜீதே! பேரு கனம், தாங்கல. வெள்ளிக்கிழம பள்ளிவாசல் ஹஜரத்தக் கூப்ட்டு ஃபரீஹான்னு மாத்திடணும்."
"வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்குமா?" – யாரோ கேட்டார்கள். யாருமில்லை, நான்தான்.

13 நவம்பர்
பயமா இருக்கு. மூணெழுத்து. என் வாயிலேர்ந்து வந்த காத்து. அது எப்படி ஒரு புள்ள மேல போய் உக்காரும்? நாப்பது வருஷமா குர்ஆன் ஓதறேன், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது, ஆனா ஓதினா மனசு அடங்குது. அர்த்தம் தெரியாத சொல்லு நல்லது செய்யும்னா – கெட்டதும் செய்யுமோ?
ஷாஜாதி புள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிடவே பயப்படறா. வாய் வரைக்கும் வருது, முழுங்கிடறா.

14 நவம்பர், வெள்ளி
காய்ச்சல் அப்படியே.
காலையில் நர்ஸ் கமலா எட்டிப் பார்த்து, "ஷாஜாதி பேபி! யாரு ஷாஜாதி பேபி?" என்று கத்தினாள். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டிலும் அதுதான். லமீஸும் இல்லை, ஃபரீஹாவும் இல்லை. ஆனால் மருந்து சரியாக அவளுக்குத்தான் ஏறுகிறது.
ஜும்மா தொழுகை முடிஞ்சு ஹஜரத் வந்துடுவார். அதுக்குள்ள சொல்லிடணும். சொன்னா என் மரியாதை? சொல்லலன்னா –

17 நவம்பர்
பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. பேர் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை ஹஜரத் வருவதற்குள் ஷாஜாதியிடம் சொல்லிவிட்டேன்.
"அப்ப நெஜ அர்த்தம்தான் என்ன மாமா?"
"தெரியாதும்மா."
என்னையே பார்த்தாள். திட்டவில்லை. கண்ணாடியில் வாயை வைத்து, முழுங்கி வைத்திருந்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை.
இங்கேயும் எழுதிவிடுகிறேன். காரைக்காலில் எனக்கு எந்த ஆலிமையும் தெரியாது. பேர் ஒரு பர்தா கடை போர்டில் பார்த்தது. கடலை அடக்கியவள் – அது நானே கட்டிவிட்டது.