தும்பைராயனைக் கழுவேற்றச் சொன்ன ஆணைக்கு மறுவோலை

மங்கலம் நிறைக, மழை பொய்யாதிருக்க. மேகவள நாடு முழுதாள்பவரும் அடைந்தோரைக் காப்பவருமாகிய கோப்பெருவிறல் மன்னர் திருமுன்பு, வடவாயில் கோட்டைத் தலைவன் தும்பைராயன் இளஞ்சேந்தன் அடிபணிந்து எழுதும் ஓலை. தலைநகரும் அரண்மனையும் குறைவின்றி விளங்குக.

பகைவர்க்குக் கணவாய் வழி காட்டிய தும்பைராயனை அமாவாசைக்குள் கழுவேற்றுக என்னும் திருமுகம் வந்தது. தலைமேல் வைத்துப் பெற்றுக்கொண்டேன். எந்தத் தும்பைராயன் என்பது மட்டும் அதில் இல்லை. குற்றவாளியின் இயற்பெயர் அரச இலச்சினை பட்ட ஓலையில் ஏறலாகாது, குடிப்பெயரே எழுதத்தகும் என்னும் அரண்மனை வழக்கை நான் அறியாதவன் அல்லேன். ஆயினும் பெருமானே, முற்றுகைக் காலத்தில் தும்பைப் பூச்சூடி இக்கோட்டையில் நின்ற அத்தனை பேருக்கும், குதிரைப்படையார் முதல் துணி வெளுப்போர் வரை, பெருமானின் முன்னோர் அந்த ஒரு பெயரையே பட்டமாக அருளிப் போனார். இன்று இங்கே உழுபவனும் தும்பைராயன், உப்பு விற்பவனும் தும்பைராயன். மூன்று ஊர்களுக்கும் ஒரு குன்றுக்கும் பெரிய ஏரிக்கும்கூட அதுவே பெயர். நான் யாரைப் பிடிப்பேன்? ஏரியையா கழுவேற்றுவேன்?

இருமுறை கேட்டு எழுதினேன். குடிப்பெயர் போதும், மூன்றாம் முறை கேட்பது இராசத்துரோகம் என்று அமைச்சர் மறுமொழி விடுத்தார். தெரிந்தே மூன்றாம் முறை எழுதுகிறேன். திருமுகம் கொணர்ந்த தூதரோ, ஒருவனை விலங்கில் காணாமல் இங்கே சோற்றில் கை நனைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். காவலர் என்ன செய்வார்கள், பாவம், துறையில் நின்ற ஓடக்காரன் தும்பைராயன் மருதையனைப் பிடித்து வந்தார்கள். அந்தத் தூதரை ஆறு கடத்திக் கொண்டுவந்து விட்டவனே அவன்தான். கணவாய்ப் பக்கம் அவன் தலைவைத்தும் படுத்ததில்லை என்று ஊரே சத்தியம் செய்கிறது.

அவன் மனைவி பொன்னாச்சி வாயிலில் வந்து நின்று, "எங்க வீட்டுக்காரரும் தும்பைராயரு, நீங்களும் தும்பைராயரு. அவர மட்டும் ஏன் சாமி கட்டிப் போட்டீக?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாய் இருந்தது.

அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள். கழுவைக் கண்ணால் கண்ட பின்பே புறப்படுவேன் என்கிறார் தூதர். ஆற்றில் கரைபுரண்ட வெள்ளம். அதில் ஓடம் விடத் தெரிந்தவன் மருதையன் ஒருவனே. ஆகவே அவன் உயிருக்காக மன்றாடும் இவ்வோலையையும் அதை ஏந்தி வரும் என் காவலனையும் அவனே அக்கரை சேர்க்கிறான். விலங்கை அவிழ்த்துவிட்டேன். அவன் மனைவி மக்களையும் ஓடத்தில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்துவிடுவேன் என்று அவனாகவே சொன்னான். ஐயோ, வராதே என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

மறுவோலையும் வராமல் ஓடமும் திரும்பாமல் போகுமாயின், பெருமான் ஆணை பழுதுபடாது. அதில் எழுதிய பெயர் எனக்கும் உண்டு.

கோட்டை இலச்சினை இட்டேன். இவ்வோலை ஏந்தி வருவோனை வழியில் எவரும் மறிக்கற்க. கழுமரத்தை என் வாயிலிலேயே நடுமாறு ஆணையிட்டிருக்கிறேன்.