மேஸ்திரியின் மனைவிக்கு மட்டும்

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நீங்கள் தோட்டத்து மேஸ்திரியாகத்தான் பதில் சொல்வீர்கள்.

பத்து மணிக்குப் பிள்ளைக் காப்பகத்துக்குப் போய்ப் பால் கொடுத்துவர ஜோவிதாவை அனுப்பினீர்கள், சசிரேகாவை அனுப்பினீர்கள். நான் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கினால் மட்டும், "நீ எடை போட்டுட்டுப் போ. பொண்டாட்டிக்குச் சலுகைன்னு நாலு பேரு பேசோணுமா?" என்றீர்கள். மதிய எடை போட்டு முடியப் பன்னிரண்டரை ஆகிவிடும்.

இப்படி ஒன்பது நாள். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பசியோடு காத்திருந்த பிள்ளையால் வாய் நிறையப் பிடிக்க முடியவில்லை. காம்பை மட்டும் பிடித்து இழுத்தாள். அது வெடித்து ரத்தம் வந்தது.

நேற்றுக் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். புது நர்ஸ் பார்த்துவிட்டு, "நேரத்துக்குக் கொடுத்திருந்தா இப்படி ஆயிருக்காதுங்க. இப்பவும் நிறுத்தாதீங்க, அடிக்கடி கொடுங்க" என்றார். மேஸ்திரி விடுவதில்லை என்றேன்.

"உங்க ஊட்டுக்காரர உட்டு மேஸ்திரிகிட்டப் பேசச் சொல்லுங்க" என்றார்.

நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கள் முதல் ஒச்சப்பன் மேஸ்திரியிடம் பறிக்கப்போவதாக ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் பத்து மணிக்கு அனுப்பிவிடுவார். அவருக்கு நான் பெண்டாட்டி இல்லையே.

இப்படிக்கு,
உங்களிடம் நேற்றுவரை பறித்தவள்