பூட்டு கழற்றிய கதவு

என் ஆசை ரோசி அக்காவுக்கு,

நம் நூலகத்தில் இப்போது நடப்பதைக் கேட்டால் நீயே சிரிப்பாய். கக்கூஸுக்குப் பூட்டே கிடையாது. உன்னைப் புதைத்த மறுநாள் நூலகர் ஐயா தன் கையாலேயே கழற்றிவிட்டார். என்னிடமும் அத்தனை பிரியம்! "ஏய், பெருக்கறவளே" என்று கூப்பிட்டவர், "டீ குடிச்சியாம்மா?" என்று கேட்கிறார். எனக்கே பயமாகிவிட்டது.

நீ போன அன்றைக்குப் புத்தகம் அடுக்குவதை விட்டுவிட்டு, கக்கூஸ் சாவி கேட்டு அவர் மேஜை முன்னால் நின்றாய். "அது ஆபீசருக்குன்னு கட்டினது" என்றார். "வுடுக்கா, ஐயா உள்ள குந்திகினுதான் புஸ்தகம் படிக்கிறாரு போல" என்று உன் காதில் சொன்னேன். சிரித்துக்கொண்டே பின்பக்கப் புதருக்குப் போனாய். மழை விட்ட ஈரம். பாம்பு கடித்தது. வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே என் மடியில் அடங்கிவிட்டாய். கடைசியாக நீ சிரித்தது என் பேச்சுக்குத்தானா அக்கா?

ஐயாவின் பிரியத்துக்குக் காரணம் நேற்றுத்தான் தெரிந்தது. காஞ்சிபுரத்து ஆபீசர் விசாரிக்க வருகிறாராம். "ரோசி வெறகு பொறுக்கப் போனான்னு சொல்லிடும்மா. உன் வேலைய பர்மனென்ட் பண்ணித் தரேன்" என்றார். அப்படி எழுதிவிட்டால் நீ வேலையில் இருக்கும்போது செத்ததாக ஆகாது. உன் மகள் ஸ்டெல்லாவுக்கு உன் இடத்தில் வேலையும் கிடைக்காது.

இன்று ஆபீசர் வந்தார். ஐயா பக்கத்திலேயே நின்றார்.

"அந்தம்மா எதுக்கும்மா பின்னால போனாங்க?"

"ஒண்ணுக்குப் போச்சு சார். கக்கூஸ் பூட்டிக் கெடந்துது. சாவி ஐயா பாக்கெட்ல."

"பூட்டு இல்லையே?"

"பொதைச்ச மறுநாள் கழட்னாரு சார். கதவுல பாருங்க, ஸ்க்ரூ போட்ட ஓட்டை அப்படியே கீது."

ஆபீசர் எழுந்து போய்ப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ, எனக்குச் சொல்லவில்லை. ஜீப் கிளம்பியதும் ஐயா என் முகத்தைப் பார்க்காமல், "நாளைலேர்ந்து வராத" என்றார். துடைப்பத்தை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். தெரு முனை வரைக்கும் தைரியமாகத்தான் நடந்தேன். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் ஆபீசுக்குப் போகிறேன் அக்கா. அங்கேயும் இதையேதான் சொல்வேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வேன். அவள் கையில் வேலை வரும்வரை என் வாய் மூடாது.

கூடப் பிறக்காத உன் தங்கை,
பச்சையம்மா