எழுத்தைச் சுரண்ட வேண்டாம்

கீழ் கோத்தகிரி
12.8.1976

அன்புள்ள அம்மாவுக்கு, மரகதம் வணக்கத்துடன் எழுதுவது. மில்லில் பஞ்சுத் தூசியால் வந்த இருமல் குறைந்ததா? நான் சுகம். குளிர் பழகிவிட்டது.

நேற்று தலைமையாசிரியர் சில்வஸ்டர் சார் என் வகுப்பைப் பார்க்க வந்தார். பயணம் பற்றிய பாடம். பயிற்சிப் பள்ளியில் கற்ற ஐந்து படிகளில் முதல் படி, பிள்ளைகள் அறிந்ததிலிருந்து தொடங்குவது. அதனால் இலங்கையிலிருந்து வந்த பிள்ளைகளைக் கப்பலைப் பற்றிப் பேசச் சொன்னேன். கப்பலைவிட்டு இறங்கித் தங்கிய மண்டபம் முகாம்வரை அழகாகச் சொன்னார்கள்.

அப்போது சின்னம்மை என்ற சிறுமி எழுந்து, "டீச்சரும் கப்பல்லதானே வந்தீங்க? நீங்க பேசுறது நம்ம சிலோன் தோட்டத்துப் பேச்சுன்னு எங்கம்மா சொல்லிச்சு" என்றாள்.

"இல்லை, எனக்குத் திருச்சி" என்று சொல்லிவிட்டேன்.

"கப்பல்காரிக்கு எல்லாரும் கப்பல்காரிதானுங்க டீச்சர்" என்று பின்பெஞ்சில் உள்ளூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னம்மை உட்கார்ந்தவள், பிறகு வாயே திறக்கவில்லை. சார் போகும்போது, "ஏனுங்க டீச்சர், புள்ளைங்கள நல்லாப் பேச வெச்சீங்க" என்றார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

வேலைக்குப் புறப்பட்ட அன்று, அப்பாவின் பெயரும் நாம் வந்த கப்பலுக்காக எழுதிய எண்ணும் உள்ள தகரப்பெட்டியை வேண்டாம் என்றேனே. பழசு என்று சொன்னது பொய், அம்மா. பார்ப்பவர்கள் விசாரிப்பார்கள் என்று பயந்தேன். அதைத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத்தைச் சுரண்ட வேண்டாம். உள்ளே, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் மாசிச் சம்பல் வையுங்கள்.

அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கப்போகிறேன். பாடக்குறிப்பில் துணைக்கருவி என்ற இடத்தில் பெட்டியை எழுதிவிட்டேன்.

மணி அடித்துவிட்டது.

மகள்,
மரகதம்